‘அது அவங்க வீட்டு விசயம்’ என்று விட்டுவிடலாமா?

(மாவட்டத்தின் தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் கலந்துகொண்ட கூட்டத்தில் மாதர் பிரிவுப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நாம் கூடும்போதெல்லாம் சம்பளத்தைப் பேசுகிறோம். கொழுந்து நிறையைப் பேசுகிறோம். வீட்டுப் பிரச்சினை, தண்ணீர்ப் பிரச்சினை பேசுகிறோம். இன்றைக்கு நான் பேச வந்தது நம்முடைய வயதானவர்களுக்கு நம்முடைய லயங்களுக்குள்ளேயே நடக்கும் துன்புறுத்தலைப் பற்றி. “சங்கக் கூட்டத்தில் இதெல்லாம் எதற்கு? அது அவங்க வீட்டு விசயம்” என்று ஒரு தலைவர் என்னிடம் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலைக்குப் போய்வந்த காலம். எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் ஒரு அப்பாயி இருந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். எனக்குக் கொழுந்து எடுக்கக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். புருசன் இல்லை. மகனோடு இருந்தார். உங்களுக்குத் தெரியும், லயத்துச் சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். மகன் குடித்துவிட்டு வரும் இரவுகளில் சத்தம் கேட்கும். பாத்திரம் விழும். அப்பாயி மெதுவாக ஏதோ சொல்லுவார். பிறகு சத்தம் இருக்காது.

ஒரு நாள் காலையில் பீலியடியில் அவரைப் பார்த்தேன். கையில் மேல்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. “என்ன அப்பாயி?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல புள்ள, வழுக்கி விழுந்துட்டேன்” என்றார். அது விழுந்த அடி இல்லை, யாரோ இறுக்கிப் பிடித்த தடம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பிரட்டுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டேன்.

சில மாதம் கழித்து அவர் இஸ்தோப்பில் சாக்கின் மேல் படுத்துவிட்டார். எழும்பவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். தாதி அவரைத் திருப்பிப் போட்ட நேரம் முதுகையும் இடுப்பையும் பார்த்தேன். படுக்கைப்புண். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். பத்து நாளில் அவர் போய்விட்டார். சாவு வீட்டுக்கு லயமே காசு சேர்த்தது. பந்தல் போட்டோம், தப்பு அடித்தோம், மாலை போட்டோம். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, “உண்மையச் சொல்லுங்க அப்பாயி” என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

அதனால்தான் இதைச் சங்கக் கூட்டத்தில் பேசுகிறேன். நாற்பது வருடம் சந்தாப் பணம் கட்டிய ஒரு அங்கத்தவர் அவர். செக்ரோலில் இருந்து பேர் எடுபட்டதும் சங்கத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு முடிந்துவிடுமா?

எது துன்புறுத்தல்?

துன்புறுத்தல் என்றதும் அடியைத்தான் நினைக்கிறோம். அடி அதில் ஒரு வகை மட்டும்தான். நம்பி வாழும் உறவுக்குள் ஒரு வயதானவருக்கு வேதனையோ பாதிப்போ வரும்படி செய்வதும், செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் இரண்டுமே துன்புறுத்தல் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறு பேரில் ஒருவர் ஒரு வருட காலத்துக்குள் ஏதோ ஒரு விதத்தில் இதற்கு ஆளாகிறார் என்பது அவர்களுடைய மதிப்பீடு. இது உலகம் முழுவதும் உள்ள நிலை. இதற்காகவே ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 15 ஆம் திகதியை ஒதுக்கி இருக்கிறது. ஆகவே இது நம்முடைய லயத்துக்கு மட்டும் உள்ள வெட்கம் என்று நினைத்து யாரும் மூடி வைக்கத் தேவையில்லை.

நம்முடைய தோட்டங்களில் இது எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

அடிப்பது, தள்ளுவது, கையை முறுக்குவது, கட்டி வைப்பது, காம்பராவுக்குள் வைத்து வெளியே பூட்டுவது. இது ஒரு வகை.

“இன்னும் சாகலியா?”, “தின்னுறதுக்கு மட்டும் வாய் இருக்கு” என்று தினமும் பேசுவது. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் விடாமல் வைப்பது. வாரக்கணக்கில் ஒரு வார்த்தையும் பேசாமல் விடுவது. இதில் காயம் வெளியே தெரியாது. ஆனால் “அடிச்சாக்கூடப் பரவாயில்ல, இந்தப் பேச்சுத்தான் தாங்க முடியல” என்று என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பாடு கொடுக்காமல், மருந்து எடுத்துக் கொடுக்காமல், கிளினிக்குக்குக் கூட்டிப் போகாமல், ஈரத் துணியோடு விட்டுவைப்பது இன்னொரு வகை. மலைநாட்டுக் குளிரில் கம்பளி இல்லாமல் இஸ்தோப்பில் படுக்க வைப்பதும் இதில் சேரும்.

பாலியல் கொடுமையும் உண்டு. வயதானவர்களுக்கு யார் அப்படிச் செய்வார்கள் என்று நாம் நினைப்பதால்தான் அது மறைந்தே கிடக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களும் சித்தம் கலங்கியவர்களும் அதற்கு அதிகம் பலியாகிறார்கள்.

அடுத்தது காசு. இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நம்முடைய தோட்டங்களில் பெரும்பாலான கொடுமை காசில்தான் தொடங்குகிறது.

சேமலாபக் காசு வந்த வீடு

நம்முடைய ஆட்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பெரிய தொகையைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதி கிடைக்கும்போது. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் அதை எடுக்கலாம். நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, தோட்டம் 12 வீதம் போட்டு, வருடக்கணக்காகச் சேர்ந்த காசு அது. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் வேறு. அதோடு சேவைக்காலப் பணம். 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம்.

அந்தக் காசு வரும் மாதம் வீட்டில் பெரியவருக்குக் கோழிக்கறி. மகன் கொழும்பிலிருந்து வருவார். மகள் வருவார். ஓட்டோ வாங்க வேண்டும், ஏஜென்சிக்குக் கட்டி வெளிநாடு போக வேண்டும், அடகில் இருக்கும் நகையை மீட்க வேண்டும். “நீங்க இருக்கிற வரைக்கும் நாங்க பார்த்துக்குவோம்” என்று சொல்லுவார்கள். அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் காசு முடிந்த மாதத்திலிருந்து தட்டு மாறிப்போன வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பது தவறில்லை. கேட்டு வாங்குவதும் தவறில்லை. மிரட்டி வாங்குவது, ஏமாற்றி வாங்குவது, வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்குவது, வங்கிக் கார்டையும் இரகசிய இலக்கத்தையும் பிடுங்கி வைத்துக்கொள்வது, முதியோர் கொடுப்பனவு வந்ததா வரவில்லையா என்றுகூடச் சொல்லாமல் எடுத்துச் செலவழிப்பது, இதெல்லாம் துன்புறுத்தல். அது அவருடைய உழைப்பு. அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

கடதாசிகளுக்கும் இது பொருந்தும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் வாங்கி எங்கோ வைத்துவிட்டு, கேட்டால் “உங்களுக்கு எதுக்கு?” என்கிறார்கள். பிள்ளைகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நின்ற சனம் நாம். 1964 ஆம் ஆண்டில் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, யார் இங்கே யார் அங்கே என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவர்களுக்கும் வழி பிறந்தது. இன்றைக்கு எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள் அந்தக் கடதாசி இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள். அதனால்தான் ஒரு அட்டையைப் பொலித்தீனில் சுற்றி, துணியில் முடிந்து, டிரங்குப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதை அவர்கள் கையிலிருந்து எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எப்படிக் கண்டுகொள்வது?

பெரியவர்கள் தாங்களாக வந்து சொல்ல மாட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. முதலாவது, பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனம் வராது. “அவனப் பொலிசு புடிச்சிட்டுப் போனா பேரப்புள்ளைங்களுக்கு யாரு?” என்று நினைப்பார்கள். இரண்டாவது, போக்கிடம் இல்லை. காம்பரா தோட்டத்துடையது. வேலைக்குப் போகும் பிள்ளையின் பேரால்தான் இருக்கிறார்கள். அங்கிருந்து வெளியே போனால் எங்கே போவது? மூன்றாவது, மானம். ஆகவே நாம்தான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

உடம்பில் பார்க்கக்கூடியவை: கையின் மேல்பகுதியில் இரண்டு பக்கமும் தடம், ஒன்று பழையதும் ஒன்று புதியதுமாகக் காயங்கள், கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம், கிடுகிடுவென்று மெலிவது, வாய் வெடித்திருப்பது, குளிக்காமல், நகம் வெட்டாமல் இருப்பது, படுக்கைப்புண்.

நடத்தையில் பார்க்கக்கூடியவை: கோயிலுக்கு, திருவிழாவுக்கு, சாவு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் திடீரென்று வராமல் போவது. மகனோ மருமகளோ மருமகனோ உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவது. நாம் பேச்சுக் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவர் முந்திப் பதில் சொல்வது. “சீக்கிரம் போய்ச் சேர்ந்தா நல்லது” என்று அடிக்கடி சொல்வது.

காசு விசயத்தில் பார்க்கக்கூடியவை: மூக்குத்தியோ தோடோ காணாமல் போயிருப்பது. கொடுப்பனவு வாங்குகிறவரிடம் வெற்றிலைக்குக்கூடக் காசு இல்லாமல் இருப்பது. வங்கிப் புத்தகம் எங்கே என்று அவருக்கே தெரியாமல் இருப்பது. பக்கத்து வீடுகளில் சாப்பாடு கேட்பது.

ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். இதில் ஒன்றைப் பார்த்ததும் “கொடுமை நடக்கிறது” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயதானவர்களுக்குத் தோல் மெலிந்துபோவதால் சும்மா இடித்தாலும் நீலம் பாயும். சில மருந்துகளாலும் அப்படி வரும். சர்க்கரை வியாதியிலும் ஆள் மெலியும். ஞாபக மறதி நோய் வந்தவர் சாப்பிட்டுவிட்டே “எனக்குச் சோறு போடல” என்பார். கண்ட அடையாளத்தைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, போய்ப் பேசிப் பாருங்கள்.

மருமகளின் பக்கத்தையும் கேளுங்கள்

ஒரு தோட்டத்தில் ஒரு மருமகள், மாமியாரை வைத்து வெளியே பூட்டிவிட்டு மலைக்குப் போகிறார் என்று முறைப்பாடு வந்தது. தலைவி கோபத்தோடுதான் போனார். போய் உட்கார்ந்து கேட்டபோது அந்தப் பெண் அழுதுவிட்டார். மாமியாருக்குக் கடுமையான மறதி. இரண்டு தடவை எழும்பிப் போய் மெயின் ரோட்டில் நின்றிருக்கிறார். ஒரு தடவை அடுப்பை மூட்டித் துணியில் நெருப்புப் பிடித்திருக்கிறது. புருசன் கொழும்பில் கடையில் வேலை. இவர் ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் பேர் இல்லை. மூன்று பிள்ளைகள். ராத்திரியில் மாமியார் தூங்கமாட்டார், இவருக்கும் தூக்கமில்லை. “நான் என்ன செய்யட்டும் அக்கா, நீங்களே சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார்.

பூட்டுவது ஆபத்துத்தான். நெருப்புப் பிடித்தால் உயிர் போய்விடும். அதை நிறுத்தியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணைத் திட்டி நிறுத்த முடியாது. அங்கே தலைவி செய்ததைச் சொல்கிறேன். அதே லயத்தில் வேலை முடித்த இரண்டு அம்மாமார் முறைபோட்டு, ஒருவர் காலையிலும் ஒருவர் பின்னேரத்திலும் அங்கே இருக்கச் சம்மதித்தார்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். இராத்தூக்கத்துக்கு மருந்து கிடைத்தது. கொழும்பில் இருந்த மகனுக்குப் போன் எடுத்து, மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து தாயைப் பார்க்க வைத்தார்கள். மருமகளுக்குப் பக்கத்து மலையில் வேலை கொடுக்கும்படி தலைவர் கணக்கப்பிள்ளையிடம் பேசினார். பூட்டு போய்விட்டது.

களைத்துப்போனவர் கை தவறுவது வேறு. குடித்துவிட்டு அடிப்பவரும் காசுக்காக மிரட்டுபவரும் வேறு. முதலாவதுக்கு உதவி வேண்டும். இரண்டாவதை நிறுத்த வேண்டும். இரண்டிலும் பெரியவரின் உயிரைக் காப்பதுதான் முதல் வேலை.

என்ன செய்வது?

ஒன்று, தனியாகப் பேசுங்கள். பீலியடியில், கோயிலில், மருந்து எடுக்கப் போகும் வழியில். வீட்டுக்காரர் முன்னால் கேட்டால் உண்மை வராது. நீங்கள் போன பிறகு அடி விழும். “உங்கள யாரு அடிக்கிறாங்க?” என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். “ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா? சாப்பாடு எப்படி? மருந்து யாரு எடுத்துத் தாறாங்க? கொடுப்பனவுக் காசை யாரு எடுத்துட்டு வாறாங்க? வீட்டுல யாரையும் பார்த்துப் பயமா இருக்கா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு நாள் போங்கள். மூன்றாவது நாள்தான் வாய் திறப்பார்கள்.

இரண்டு, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நாம் பொலிசுக்கு ஓடுவோம். அவருக்குப் பொலிஸ் வேண்டாமாக இருக்கலாம். அடி நின்றால் போதும் என்று இருக்கலாம். தன் கார்டு தன் கையில் வந்தால் போதும் என்று இருக்கலாம். மகள் வீட்டுக்குப் போக விருப்பமாக இருக்கலாம். சொந்த அறிவோடு இருக்கும் ஒரு பெரியவருக்குத் தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் உரிமை இருக்கிறது. வயது போனதால் அந்த உரிமை போகாது.

மூன்று, அவர் சொன்னதை லயம் முழுக்கப் பரப்பாதீர்கள். யாருக்குத் தெரியவேண்டுமோ அவருக்கு மட்டும் சொல்லுங்கள். கடையடியில் பேச்சு அடிபட்டால் அன்றைக்கு இரவு அந்தக் காம்பராவில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான்கு, தனியாகப் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். குடித்திருக்கும் ஆளிடம் பேசவே வேண்டாம். தெளிந்த நேரத்தில், அவர் மதிக்கும் ஒரு மாமாவையோ பெரியப்பாவையோ கூட்டிக்கொண்டு, தலைவரும் தலைவியும் சேர்ந்து போங்கள்.

ஐந்து, உயிருக்கு ஆபத்து என்றால் யார் சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம். பொலிசுக்கு 119. அம்புலன்சுக்கு 1990, அதற்குக் காசு இல்லை. பெண்களுக்கான உதவிக்கு 1938. இந்த மூன்று இலக்கங்களையும் பிள்ளை மடுவத்துக் கதவிலும் கோயில் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். “விழுந்துட்டாரு” என்று நாமே பொய் சொல்லக் கூடாது.

இப்படிச் செய்து ஒரு காரியம் முடிந்ததைச் சொல்கிறேன். பெக்டரியில் வேலை செய்து நின்ற ஒரு ஐயா. கொடுப்பனவுக் கார்டு மகன் கையில். மாதம் பிறந்தால் மகன் காசை எடுத்துக் கசிப்புக்கு விடுவார். ஐயா பக்கத்துக் காம்பராவில் ரொட்டி கேட்பார். தோட்டத் தலைவர் அவரைக் கோயிலில் வைத்துப் பேசினார். ஐயா கேட்டது ஒன்றுதான்: “பொலிசு வேணாம் தம்பி. என் காசு என் கையில வரணும்.” தலைவர் அவரை வங்கிக்குக் கூட்டிப்போய்ப் பழைய கார்டை நிறுத்தச் செய்தார். இப்போது புத்தகத்தோடு ஐயாவே போய் எடுக்கிறார். தாய்மாமனை வைத்து மகனிடம் பேசினார்கள். ஒரு மாதம் மகன் முகம் கொடுக்கவில்லை. இன்றைக்கு ஐயா தன் கையால் வீட்டுச் செலவுக்கு ஒரு பங்கு கொடுக்கிறார். முன்பு மகன் எடுத்துத் தீர்த்த சேமலாபக் காசு திரும்பி வரவில்லை. வரப்போவதும் இல்லை. ஆனால் அவர் இப்போது ரொட்டி கேட்டு யார் வாசலிலும் நிற்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பேச்சால் முடியாத இடத்தில் சட்டம் இருக்கிறது. மூன்று விசயங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அந்தச் சட்டத்தில் எழுதி இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வழியில்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர், பிள்ளைகள் தனக்கு மாதாந்தம் செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்று முதியோருக்கான பராமரிப்புச் சபையிடம் கேட்கலாம். சபை கட்டளை இடலாம். இதற்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் விசயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். முதியோர் அடையாள அட்டைக்கும், 70 வயதைக் கடந்தவர்களின் கொடுப்பனவுக்கும் அதே பிரதேச செயலகம்தான்.

இரண்டாவது, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அது புருசன் பெண்சாதிக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். தாய், தகப்பன், பாட்டன், பாட்டிக்கும் அது பாதுகாப்புத் தருகிறது. அடி மட்டுமல்ல, மனத்தைச் சித்திரவதை செய்வதும் அதில் அடங்கும். பாதிக்கப்பட்டவரோ அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அந்தக் கட்டளை 12 மாதம் வரைக்கும் இருக்கலாம். மகனைச் சிறையில் போடுவதற்கான வழக்கு இல்லை இது. “கிட்டே போகாதே, அடிக்காதே” என்று நீதிமன்றம் தடுப்பது. கட்டளையை மீறினால்தான் தண்டனை. பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொன்னால் பயம் பாதி குறையும்.

மூன்றாவது, சட்டத்தரணிக்குக் காசு இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவி செய்கிறது.

இன்னும் ஒன்று. காணியோடு வீடு கிடைத்து, உறுதியும் கைக்கு வந்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். பிள்ளையின் பேருக்கு எழுதுவதென்றால் உங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களுக்கு இருக்கும். ஒன்றும் வைக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டால், திரும்பக் கேட்பதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டி வரும். எந்தக் கடதாசியிலும் கைநாட்டு வைக்கும் முன் ஒருவரைக் கொண்டு முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

நான் இங்கே மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். 

சேமலாபக் காசுக்குப் படிவம் நிரப்ப அங்கத்தவர்கள் சங்கக் காரியாலயத்துக்குத்தான் வருகிறார்கள். படிவத்தை நிரப்பிக் கொடுத்து அனுப்புவதோடு நிற்காமல், ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கணக்குத் தன் பேரில் இருக்கட்டும், கார்டு தன் கையில் இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒவ்வொரு தோட்டத்து மாதர் சங்கமும் ஒவ்வொரு லயத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாகப் போட வேண்டும். அந்த லயத்தில் எத்தனை பெரியவர்கள், யார் படுக்கையில், யார் தனியாக, யாருக்கு அடையாள அட்டை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதத்தில் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் பிள்ளை மடுவம் இருக்கிறது. அதுவும் கேட்டுப் போராடி வந்ததுதான். பகலில் வயதானவர்களை விட ஒரு இடம் நம்மிடம் இல்லை. ஒரு கூடம், ஒரு நேரச் சாப்பாடு, பார்த்துக்கொள்ள ஒருவர். இரவில் வழுக்காமல் போய்வர மலசலகூடத்துப் பாதைக்கு ஒரு கைப்பிடி, ஒரு வெளிச்சம். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும் என்று தலைமையைக் கேட்டுக்கொள்கிறேன்.

பின்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் நடப்பதைச் சொன்னால் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறோம் என்று நினைக்காதீர்கள். நேரத்தோடு சொன்னால் பேசித் தீர்க்கலாம். பிள்ளை பெரிய குற்றத்தில் மாட்டிக்கொள்வதையும் தடுக்கலாம். தலைவியிடம் சொல்லுங்கள். என்னிடம் சொல்லுங்கள்.

துரை ஒருவர் நம் தொழிலாளி ஒருவர் மேல் கையை வைத்தால் தோட்டமே வேலையை நிறுத்தும். அதே தொழிலாளியை அறுபது வயதுக்குப் பிறகு சொந்த வீட்டில் ஒருவர் அடித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான் அப்படிக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள். இன்றைக்கு நீங்கள் திரும்பிப் போகும்போது உங்கள் லயத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யார் என்று பாருங்கள். ஒரு தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பேசும்வரை எழும்பாதீர்கள்.